தினையா, பெல்லெட்டா, கீரையா? வீட்டுச் சிறுகிளிக்கு எந்த உணவு சரிப்படும்

எதிர்வீட்டுப் பையன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கூண்டையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். உள்ளே ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸ். "கிண்ணம் நிறையத் தினை இருக்கு அத்தை, ஆனா ரெண்டும் இளைச்சுக்கிட்டே போகுது" என்றான். கிண்ணத்தை வாங்கி மெல்ல ஊதினேன். மேலே இருந்தது அத்தனையும் உமி. அது பறந்து போனபின் அடியில் பத்துப் பதினைந்து மணிகூடத் தேறவில்லை. கிளி தினையை அலகில் உருட்டி, உமியை அங்கேயே உதிர்த்துவிட்டு, உள்ளிருக்கும் பருப்பை மட்டும் விழுங்கும். உதிர்ந்த உமி கிண்ணத்திலேயே கிடப்பதால் பார்க்கிறவர் கண்ணுக்குத் தீனி குறையவே குறையாது.

உமியை ஊதிக் காட்டியதும் அவன் அடுத்துக் கேட்டான்: "பெல்லெட் வாங்கட்டுமா, இல்ல கீரை காய்கறியே போதுமா?" பெல்லெட் என்பது தானியத்தை அரைத்து, சத்து சேர்த்து, அழுத்திச் செய்த கடைத்தீனி. இதே கேள்வியைப் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கடைக்காரர் ஒன்று சொல்கிறார், வீடியோவில் இன்னொன்று சொல்கிறார்கள், வீட்டுப் பெரியவர்கள் பால்சோறு வை என்கிறார்கள். அதனால் தினை, பெல்லெட், கீரை காய்கறி, மூன்றும் கலந்தது என நான்கு வழிகளையும் வரிசையாக வைத்து ஒப்பிட்டு எழுதுகிறேன்.

எந்தக் கிளிகளைப் பற்றி என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கப்படும் பட்ஜி, அப்புறம் தலையில் கொண்டையுள்ள காக்டெய்ல். பட்ஜி 30 முதல் 40 கிராம், காக்டெய்ல் 80 முதல் 100 கிராம் இருக்கும். இரண்டுக்கும் சொந்த ஊர் ஆஸ்திரேலியா. ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலும் இதே கணக்குப் பொருந்தும். நம் மரங்களில் வாழும் பச்சைக்கிளியைப் பற்றி இங்கே பேசவில்லை. அதைக் கூண்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

எனக்கு இதில் இத்தனை அக்கறை வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. முதன்முதலில் வாங்கிய ஜோடியில் பெண்கிளிக்கு நீலா என்று பெயர். "தினை மட்டும் போதும்க்கா, வேற எதுவும் தேவையில்ல" என்று விற்றவர் சொன்னார். ஒன்றேகால் வருடம் தினை மட்டுமே போட்டேன். முட்டையிடும் பருவத்தில் ஒரு நாள் நீலா கூண்டின் தரையில் இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. மூச்சுக்கு மூச்சு வால் ஏறி இறங்கியது. பறவை பார்க்கத் தெரிந்த மருத்துவரிடம் கொண்டுபோவதற்குள் இறந்துவிட்டது. முட்டை உள்ளேயே சிக்கிக்கொண்டது, கால்சியம் குறைந்தால் இப்படி ஆகும் என்றார் அவர். "என்னம்மா சாப்பிடக் குடுத்தீங்க?" என்று அவர் கேட்டபோது என்னிடம் இருந்த ஒரே பதில் தினை.

எதை வைத்து ஒப்பிடுவது

எந்த உணவாக இருந்தாலும் நான் ஐந்து விஷயங்களைப் பார்ப்பேன்.

முதலாவது, கிளியின் வயிற்றுக்குள் உண்மையில் என்ன போகிறது. நாம் கிண்ணத்தில் வைப்பது வேறு, அது பொறுக்கித் தின்பது வேறு. பத்து வகைத் தானியம் கலந்து வைத்தாலும் சூரியகாந்தி விதையை மட்டும் தேடித் தின்னும் காக்டெய்லுக்குக் கிடைப்பது சூரியகாந்தி விதை மட்டும்தான்.

இரண்டாவது, என்ன குறைகிறது. கூண்டுக் கிளிகளுக்கு அடிக்கடி குறைவது வைட்டமின் ஏ, கால்சியம், அயோடின், வைட்டமின் டி. அதிகமாகிவிடுவது கொழுப்பு.

மூன்றாவது, நம் ஊர் வெயிலும் ஈரக்காற்றும் அந்த உணவை என்ன செய்யும். நான்காவது, பணமும் நேரமும். ஐந்தாவது, கிளி அந்த உணவுக்குப் பழகுவது எவ்வளவு சுலபம். பழக்குகிற காலத்தில்தான் பல கிளிகள் சாகின்றன. ஆனால் உணவை ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

| | தினை, விதைக் கலவை | பெல்லெட் | கீரை, காய், முளைகட்டிய தானியம் | மூன்றும் கலந்து |
|---|---|---|---|---|
| கிளி விரும்பித் தின்னுமா | உடனே | பழக்க வேண்டும், வாரக்கணக்கு ஆகும் | சில நாள் முதல் சில வாரம் | படிப்படியாக |
| வைட்டமின் ஏ | மிகக் குறைவு | சேர்க்கப்பட்டிருக்கும் | நிறைய | போதும் |
| கால்சியம் | மிகக் குறைவு | சேர்க்கப்பட்டிருக்கும் | கீரையைப் பொறுத்தது | கணவாய் மீன் ஓட்டோடு போதும் |
| அயோடின் | குறைவு | சேர்க்கப்பட்டிருக்கும் | நம்ப முடியாது | பெல்லெட் பார்த்துக்கொள்ளும் |
| வெயிலில் கெடுமா | கெடாது, வண்டு விழும் | ஈரம் பட்டால் பூஞ்சை | இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும் | ஈர உணவு மட்டும் |
| செலவு | குறைவு | அதிகம் | குறைவு | நடுத்தரம் |
| நேரம் | இரண்டு நிமிடம் | இரண்டு நிமிடம் | தினமும் அரை மணி நேரம் | இருபது நிமிடம் |

தினையும் விதைக் கலவையும்

தினைக்கு ஆதரவாகச் சொல்லப்படும் பெரிய வாதம், "காட்டில் பட்ஜி புல்விதைதானே தின்கிறது" என்பது. உண்மைதான். ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டில் புல்விதையே அதன் முக்கிய உணவு. ஆனால் அங்கே அது தின்பதில் பால் பிடித்த இளவிதையும் உண்டு, மழைக்குப்பின் துளிர்த்த பசும்புல்லும் உண்டு. தண்ணீருக்காகவும் தீனிக்காகவும் கூட்டம் கூட்டமாக நெடுந்தூரம் பறக்கும். நம் வீட்டில் இரண்டடிக் கூண்டில் உட்கார்ந்துகொண்டு, ஆறு மாதம் மூட்டையில் காய்ந்த தினையைத் தின்பதை அதோடு ஒப்பிட முடியாது.

தினையில் என்ன குறைகிறது என்பதற்கு ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் உணவு அட்டவணையே போதும். 100 கிராம் தினையில் கால்சியம் சுமார் 31 மில்லிகிராம், பாஸ்பரஸ் சுமார் 290 மில்லிகிராம். கிளிக்குப் பாஸ்பரஸைவிடக் கால்சியம்தான் அதிகம் வேண்டும், இங்கே தலைகீழாக ஒன்பது மடங்கு பாஸ்பரஸ் இருக்கிறது. வைட்டமின் ஏ ஆக மாறும் கரோட்டினும் தினையில் 32 மைக்ரோகிராம் அளவுதான். அதே 100 கிராம் முருங்கைக்கீரையில் கால்சியம் 440 மில்லிகிராம், கரோட்டின் 6,780 மைக்ரோகிராம்.

வைட்டமின் ஏ குறைந்தால் வாய், மூக்கு, மூச்சுக்குழாய் ஆகியவற்றின் உட்தோல் தடித்து, கிருமி சுலபமாகத் தொற்றும். அடிக்கடி மூக்கடைக்கும் கிளிக்கு மருந்து கொடுத்துக்கொண்டே இருப்பார்கள், தீனியை மாற்ற மாட்டார்கள். அயோடின் குறைந்தால் பட்ஜிக்குத் தொண்டையில் தைராய்டு வீங்கி மூச்சுக்குழாயை அழுத்தும். மூச்சுவிடும்போது கீச்சென்றோ டிக்கென்றோ ஒரு சத்தம் வரும், தின்றதைக் கக்கும். இதற்கு அயோடின் உப்பைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கக் கூடாது. அத்தனை சின்ன உடம்பு உப்பைத் தாங்காது.

விதைகளுக்குள்ளேயும் வித்தியாசம் பெரிது. தினை, பனிவரகு, சாமை எல்லாம் கொழுப்புக் குறைந்தவை. சூரியகாந்திப் பருப்பில் பாதி எடை எண்ணெய். காக்டெய்லுக்கு நாளைக்கு மூன்று நான்கு விதை கையில் வைத்துக் கொடுத்தால் கொஞ்சலுக்கு நல்லது, கிண்ணத்தில் கொட்டினால் ஈரலில் கொழுப்பு படியும். பட்ஜிக்கு அது தேவையே இல்லை.

வெளியே தெரியாத செலவுகளும் உண்டு. உமியில் பாதி தரைக்குப் போகும். கோடையில் வண்டும் அந்துப்பூச்சியும் விழும். புதிதாக வாங்கியதும் நன்றாக மூடிய டப்பாவில் போட்டு நான்கு நாள் ஃப்ரீசரில் வைத்தால் இந்தத் தொல்லை குறையும். வாங்கிய தினை உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது: ஒரு ஸ்பூன் எடுத்து ஈரத்துணியில் கட்டி வையுங்கள். பெரும்பாலான மணிகள் முளைவிட்டால் நல்ல சரக்கு. பாதிகூட முளைக்கவில்லை என்றால் பழசு, சத்தும் அந்த அளவுதான். மளிகைக் கடையில் சமையலுக்கு விற்கும் தினை அரிசி உமி நீக்கியது, முளைக்காது. உமியோடு கேட்டு வாங்குங்கள். விவசாயக் கடையில் விதைப்புக்கு விற்பதை மட்டும் தொடாதீர்கள். அதில் பூஞ்சைக்கொல்லி பூசியிருப்பார்கள்.

இத்தனை சொன்னாலும் தினையைத் தூக்கி எறியச் சொல்ல மாட்டேன். புதிதாக வீட்டுக்கு வந்த கிளிக்கு முதல் இரண்டு வாரம் அது தின்று பழகிய தினையே நல்லது. இடம் மாறிய பயத்தோடு தீனியும் மாறினால் தாங்காது. உடம்பு சரியில்லாதபோதும் அப்படித்தான், அப்போது எதையாவது தின்றாலே போதும். ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் விட்டுப்போவதற்கும் இதுவே வசதி. மற்றபடி தினை மட்டுமே என்ற வழியை யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பெல்லெட்

தானியம், சோயா முதலியவற்றை அரைத்து, வைட்டமினும் தாதுவும் சேர்த்து, வேகவைத்து அழுத்திக் குச்சியாகவோ உருண்டையாகவோ செய்தது பெல்லெட். ஒவ்வொரு கடியிலும் எல்லாச் சத்தும் இருக்கும் என்பதுதான் இதன் பலம். சூரியகாந்தியைப் பொறுக்குவதுபோல் இதில் பொறுக்க முடியாது. ஜூப்ரீம், ஹாரிசன்ஸ், வெர்சலே லாகா போன்ற வெளிநாட்டு வகைகள் பெரிய ஊர்க் கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கின்றன. பட்ஜிக்கும் காக்டெய்லுக்கும் தனித்தனி அளவு உண்டு, பாக்கெட்டில் பார்த்து வாங்க வேண்டும்.

விலையைப் பார்த்துப் பலர் பின்வாங்குகிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பட்ஜி நாளைக்கு இரண்டு டீஸ்பூன், அதாவது ஏழெட்டுக் கிராம் உலர் தீனி தின்னும். ஜோடிக்கு மாதம் அரைக்கிலோ. பெல்லெட் கிலோ ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால், முழுக்க அதையே போட்டாலும் மாதம் 500 ரூபாய். பாதி பெல்லெட் என்றால் 250. ஒரு ஜோடி வைத்திருப்பவரால் முடியும். இருபது ஜோடி வைத்துக் குஞ்சு எடுப்பவருக்கு இது கட்டுப்படியாகாது, அது எனக்கும் புரிகிறது.

விலையைவிட எனக்குக் கவலை தரும் விஷயங்கள் வேறு. பெரிய மூட்டையைப் பிரித்து, தேதியே இல்லாத கவரில் கட்டி விற்கிறார்கள். எப்போது பிரித்தது, எந்த வெயிலில் இருந்தது என்று தெரியாது. பிரித்த பாக்கெட் மழைக்காலத்தில் ஈரம் இழுத்தால் பூஞ்சை பிடிக்கும், வைட்டமினும் நாள்பட நாள்படக் குறையும். இரண்டு மாதத்தில் தீர்கிற அளவுக்குச் சின்ன பாக்கெட் வாங்குங்கள். அப்புறம், நீங்கள் வாங்கும் வகை திடீரென்று கடையில் இல்லாமல் போகும். ஒரு வகைக்கு மட்டுமே பழகிய கிளி இன்னொன்றைத் தீனியாகவே மதிக்காது. கலர் பெல்லெட் தின்றால் எச்சமும் அந்தக் கலரிலேயே வரும். கிளியின் உடல்நிலையை எச்சத்தைப் பார்த்துத்தான் நாம் அறிகிறோம், அந்தக் கண்ணாடியே மங்கிவிடும். அதனால் கலர் இல்லாததையே வாங்குவேன்.

பெல்லெட் கொடுக்கிறவர்கள் தண்ணீரில் வைட்டமின் சொட்டு விடவே கூடாது. வைட்டமின் ஏ, டி இரண்டும் அளவு மீறினால் கெடுதல் செய்யும். பெல்லெட் கொடுக்காதவர்களுக்கும் அந்தச் சொட்டை நான் சொல்வதில்லை. வெளிச்சத்தில் வேகமாகச் சத்திழக்கும், தண்ணீரில் கிருமி வளரும், வாசனை பிடிக்காமல் கிளி தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடும்.

கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிற வீடு, ஒற்றைக் கிளி, எடை ஏறிப்போன கிளி, சூரியகாந்திக்கு அடிமையான காக்டெய்ல் ஆகியோருக்கு முக்கிய உணவாகப் பெல்லெட்டே நல்ல தேர்வு. இருந்தாலும் பட்ஜிக்கும் காக்டெய்லுக்கும் முழுக்க முழுக்கப் பெல்லெட் மட்டும் வேண்டாம். இவை பிறவியிலேயே விதை தின்னும் இனம். உமி உரிப்பதும் தேடிக் கொறிப்பதும் அவற்றுக்கு வேலை, பொழுதுபோக்கு எல்லாமே அதுதான்.

கீரையும் காயும் முளைகட்டிய தானியமும்

எனக்கு மிகவும் பிடித்த வழி இது, அதனாலேயே இதன் குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். காயும் கீரையும் பெரும்பாலும் தண்ணீர். வயிறு நிறையக் கீரை தின்ற பட்ஜிக்குத் தேவையான சக்தி கிடைத்திருக்காது. தனி உணவாக இது நிற்காது. அயோடினும் வைட்டமின் டியும் இதில் நம்பும் அளவுக்கு இல்லை. வைட்டமின் டிக்குக் காலை இளவெயில் நேராகப் பட வேண்டும், கண்ணாடி ஜன்னல் வழியே வரும் வெயில் பயன்படாது.

சரி, இனி நல்லது. முருங்கைக்கீரை, வெந்தயக்கீரை, கொத்தமல்லி எல்லாம் தாராளமாகக் கொடுக்கலாம். பாலக், தண்டுக்கீரை, சிறுகீரை மட்டும் எப்போதாவது, அவற்றில் உள்ள ஆக்ஸலேட் கால்சியத்தை உடம்பில் சேரவிடாது. காயில் துருவிய கேரட், ஆவியில் வெந்த பரங்கிக்காய், சர்க்கரைவள்ளி, குடைமிளகாய். கோவைப்பழத்தைக் கிளிக்கு நாம் அறிமுகம் செய்ய வேண்டியதே இல்லை. பச்சை மிளகாயும் கொடுக்கலாம். காரத்தை உணரும் நரம்பு பறவைகளுக்கு நம்மைப்போல் வேலை செய்வதில்லை, ஆனந்தமாகத் தின்னும். பழத்தில் பப்பாளி, மாம்பழம் கொஞ்சமாக. ஆப்பிள் என்றால் விதையை எடுத்துவிட்டு.

முளைகட்டுவதில் கேழ்வரகை நான் விடவே மாட்டேன். 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம், தினையைப்போல் பத்து மடங்குக்கு மேல். இரவில் ஒரு ஸ்பூன் கேழ்வரகு, ஒரு ஸ்பூன் உமியோடு தினை, கொஞ்சம் பாசிப்பயறு ஊறவைத்துக் காலையில் வடிகட்டித் துணியில் கட்டினால் கோடையில் அன்று மாலையே வெள்ளை முனை எட்டிப் பார்க்கும். அந்த முனை தெரிந்ததுமே கொடுத்துவிட வேண்டும். நடுவில் இரண்டு முறை அலச வேண்டும். புளித்த வாசனையோ வழவழப்போ வந்தால் தயங்காமல் கொட்டிவிடுங்கள். திருச்சி வெயிலில் ஒரு முறை நான் மதியம் வரை மறந்துபோன முளைதானியம் விரலில் நூல்போல் இழுத்தது. அன்றிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் எந்த ஈர உணவும் கூண்டில் இருப்பதில்லை.

முட்டையும் உண்டு. இறகு உதிர்க்கும் காலத்திலும் முட்டையிடும் காலத்திலும் வாரம் இரண்டு முறை, வேகவைத்த முட்டை ஒரு டீஸ்பூன். ஓட்டையும் கொதிக்கவைத்துப் பொடித்துத் தூவலாம். கணவாய் ஓடு எந்த வழியைத் தேர்ந்தாலும் கூண்டில் தொங்க வேண்டும். பெட் கடையில் இல்லையென்றால் நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேளுங்கள், அதேதான்.

இந்த வழியின் மறைவான செலவு நேரமும் பூச்சிமருந்தும். கட்டுக்கீரையை உப்புத் தண்ணீரில் கால் மணி நேரம் போட்டு, ஓடும் தண்ணீரில் இரண்டு முறை அலசுவேன். முடிந்தவர்கள் தொட்டியில் வெந்தயம் தூவி விடுங்கள், சில நாளில் கிள்ளிக் கொடுக்கலாம். வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்கள், சமையல் தினமும் நடக்கிறது என்றால் இந்த வழி தினைக்கு மிக நல்ல துணை.

வீட்டு உணவு என்றதும் நம் தட்டிலிருந்து கொடுப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். பால்சோறு வேண்டாம், பறவைக்குப் பாலைச் செரிக்கும் நொதி இல்லை. மிக்சர், பிஸ்கட், சிப்ஸ், வெங்காயம், பூண்டு, சாக்லேட், காபி, டீ எதுவும் வேண்டாம். அவகாடோ எனப்படும் வெண்ணெய்ப்பழம் ஒரு துண்டுகூட வேண்டாம், பட்ஜியை அது கொல்லும். வறுக்காத நிலக்கடலையில் பூஞ்சை நஞ்சு இருக்கலாம் என்பதால் அதுவும் வேண்டாம். இன்னொன்று, மனதுக்குக் கஷ்டமாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும்: நம் வாயிலிருந்து கிளிக்கு ஊட்டாதீர்கள். நம் எச்சிலில் இயல்பாக இருக்கும் கிருமி அதற்கு நோய் தரும்.

மூன்றையும் கலந்து

என் வீட்டில் இப்போது இரண்டு பட்ஜியும் மணி என்கிற காக்டெய்லும் இருக்கின்றன. மூன்றுக்கும் இந்த வழிதான். உலர் தீனியில் பாதிக்குச் சற்று மேல் பெல்லெட், மீதி தினையும் பனிவரகும். அதோடு தினமும் கீரை, காய், முளைதானியம்.

காலை ஆறரைக்குப் பசியோடு இருக்கும்போது ஈர உணவு. எட்டரைக்கு அதை எடுத்துவிட்டுப் பெல்லெட். அது நாள் முழுக்க இருக்கும். மாலை ஐந்துக்குப் பட்ஜிக்கு ஆளுக்கு ஒரு டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாகத் தினை, மணிக்கு இரண்டு டீஸ்பூன். பிடித்ததைக் காலையிலேயே வைத்துவிட்டால் அன்று வேறு எதையும் தொடாது, வரிசை முக்கியம்.

இந்த வழியிலும் ஒரு வலை இருக்கிறது. மூன்று கிண்ணம் வைத்துவிட்டோம் என்ற நிம்மதியில் கிளி எதைத் தின்கிறது என்று பார்ப்பதை விட்டுவிடுவோம். பெல்லெட் கிண்ணம் அப்படியே இருக்கும், தினை மட்டும் தீரும். அப்போது நீங்கள் செலவழிப்பது கலவைக்கு, கிளிக்குக் கிடைப்பது தினை மட்டும். வாரம் ஒரு நாள் ஒவ்வொரு கிண்ணத்தையும் வைக்கும்போதும் எடுக்கும்போதும் எடைபோட்டுப் பார்த்தால் உண்மை தெரியும்.

பழக்கும் காலம்

எந்த வழிக்கு மாறுவதாக இருந்தாலும் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். "பசித்தால் தானாகத் தின்னும்" என்று தினையை ஒரே நாளில் நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள். சிறுகிளி அப்படித் தின்னாது. புதிய பொருளை உணவு என்றே அறியாமல் ஓரிரு நாளில் பட்டினியில் செத்துப்போகும்.

ஒரு கிராம் துல்லியத்தில் காட்டும் சமையலறைத் தராசு வாங்குங்கள். மேலே ஒரு சின்ன டப்பாவை வைத்து, டப்பாவின் எடையைக் கழித்துவிட்டு, தினமும் காலையில் தீனி வைக்கும் முன் கிளியை நிறுத்துங்கள். 35 கிராம் பட்ஜி மூன்றரை கிராம் குறைந்தால் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று பொருள். அந்தப் புள்ளிக்கு முன்பே, இரண்டு கிராம் குறைந்ததுமே, நான் பழைய தீனிக்குத் திரும்பிவிடுவேன். எச்சத்தையும் பாருங்கள். எண்ணிக்கை குறைந்து கரும்பச்சையாக ஒட்டினால் வயிறு காலி.

முறை எளிது, பொறுமைதான் வேண்டும். பெல்லெட்டை ரவைபோல் நொறுக்கி, லேசாக ஈரமாக்கிய முளைதானியத்தின்மேல் தூவுவது. வாரத்துக்குக் கால் பங்கு தினையைக் குறைத்து அதே அளவு பெல்லெட் கூட்டுவது. கிண்ணத்தில் தொடாததைத் தட்டையான தட்டில் பரப்பினால் தொடும், ஏனென்றால் தரையில் மேய்வது அதன் இயல்பு. பக்கத்துக் கூண்டில் வேறொரு கிளி தின்பதைப் பார்த்தால் பாதி வேலை முடிந்தது. இரண்டு பட்ஜிக்கும் மூன்று வாரம் ஆனது, மணிக்கு ஏழு வாரம். ஐந்தாவது வாரம் வரை அது பெல்லெட்டை ஒவ்வொன்றாக எடுத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தது. பிறகு ஒரு நாள் ஊறிய ஒன்றை எடுத்து மென்றது. மறுநாளிலிருந்து நானே ஊறவைத்துக் கொடுத்தேன்.

ஏற்கெனவே இறகு உப்பி உட்கார்ந்திருக்கும் கிளி, எடை இறங்கிக்கொண்டிருக்கும் கிளி, முட்டை வைக்கும் கிளி, குஞ்சுக்கு ஊட்டும் கிளி ஆகியவற்றுக்கு இப்போது தீனி மாற்ற வேண்டாம். முதலில் மருத்துவர்.

எதிர்வீட்டு ஜோடிக்கு என்ன முடிவு செய்தோம்

அவன் அப்பா அம்மா இருவரும் காலை எட்டு மணிக்குக் கிளம்பிவிடுவார்கள், பாட்டி வீட்டில் இருக்கிறார். கிளிகள் இளைத்திருந்ததால் பெல்லெட்டைப் பற்றிப் பேசவே இல்லை. மருத்துவர் பார்த்து நோய் இல்லை என்றபின் முதல் பத்து நாள் தினை மட்டும், காலையும் மாலையும் உமியை ஊதிவிட்டு அளந்து போடச் சொன்னேன். கூடவே கணவாய் ஓடு. ஆண்கிளி 29 கிராமிலிருந்து 33க்கு வந்தபின் கீரை ஆரம்பித்தோம். பெல்லெட்டுக்கு இன்னும் ஒரு மாதம் போகட்டும், பாட்டிக்குக் கீரை ஆய்கிற பழக்கம் இருப்பதால் அவசரமில்லை.

நேற்று காலை பாட்டி என்னைக் கூப்பிட்டார். அலசிய கொத்தமல்லிக் கட்டை ஈரம் சொட்டச் சொட்டக் கூண்டின் மேல்கம்பியில் கட்டியிருந்தார். பச்சைநிற ஆண்கிளி முதலில் அதைத் தின்னவே இல்லை. இலைக்குள் தலையை நுழைத்து, இறக்கையை விரித்து, முதுகைத் தேய்த்து, நனைந்து சிலிர்த்துக்கொண்டு நின்றது. பிறகு கழுத்தில் ஒட்டியிருந்த ஒரு இலையைத் திரும்பிப் பார்த்து மெல்லக் கடித்தது.